வாடைக்கு ஒரு காரணம்

எங்கள் வண்டிக்குள் ஏறுகிறவர்கள் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். பிறகு எங்களைப் பார்ப்பார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "குழாய்" என்போம். அந்தப் பதிலைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் எங்கள் ஆயா.

ஆயா என்றதும் பல் விழுந்த கிழவியை நினைக்க வேண்டாம். அது அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த பதவியின் பெயர். வயது அப்போது முப்பதுக்குள்தான் இருக்கும். சிவந்த, எலும்பு தெரிகிற முகம். சின்னாளபட்டி நூல் புடவை. தலையில் பூ வைக்க மாட்டாள். நிலக்கோட்டைப் பக்கம் போகும்போது ஜனங்கள் மல்லிகையை அள்ளிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். வாங்கி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடுவாள். "நீயும் வச்சுக்கயேன்" என்று டாக்டரம்மா ஒருமுறை சொன்னதற்கு, "பூ வச்சா எதையோ மறைக்கிறேன்னு நெனப்பாகம்மா" என்றாள்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து ஏலத்தில் போன ராணுவ ஆம்புலன்ஸ் அது. பச்சைக்கு மேல் வெள்ளை பூசி, நடமாடும் மருத்துவமனை என்று எழுதி, அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். மழை பெய்தால் வெள்ளைக்கு அடியிலிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். டாக்டரம்மா, டிரைவர், ஆயா, ஹெல்த் இன்ஸ்பெக்டராகிய நான் என்று நாலு பேர். குஜிலியம்பாறை, வடமதுரை, கொடைரோடு என்று சுற்றுவோம். ஒரு தடவை கிளம்பினால் சில நாட்கள் ஊர் ஊராகத் தங்குவோம். ஊசி கொதிக்க வைத்த ஸ்டவ்விலேயே சோறும் பொங்கும். காயம் துடைத்த கையைக் கழுவிய தொட்டியிலேயே அரிசியும் களைவோம். இது சுகாதார விதிகளுக்கு முரணானது. அந்த விதிகளைக் கிராமத்துக்குக் கிராமம் விளக்கிச் சொல்வதுதான் என் வேலை.

தொட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் குழாய். அது தரைப்பலகையைத் துளைத்துக்கொண்டு போய், வண்டிக்குக் கீழே கட்டித் தொங்கவிட்ட தகர டப்பாவில் முடியும். நேராக இறங்கியிருந்தால் வம்பில்லை. சக்கரத்து மேட்டைச் சுற்றிப் போக வேண்டியிருந்ததால் நடுவில் தொய்ந்து வயிறு போட்டிருந்தது. சோறு, சோப்பு, சீழ், மிக்சர் மருந்து எல்லாம் அந்த வயிற்றில் தங்கும். சித்திரை வெயிலில் அது எப்படி இருக்கும் என்று விவரிக்கப் போவதில்லை. போதாததற்கு டப்பாவிலிருந்த காற்றும் குழாய் வழியே மேலேறி வரும். இரண்டு கோளாறுக்கும் மருந்து பாடப்புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் அரசாங்க வண்டியில் ஒரு குழாயை மாற்ற, அது நாறினால் மட்டும் போதாது. நாறுகிறது என்று அதிகாரமுள்ள ஒருவர் சொல்ல வேண்டும். அந்த அதிகாரியின் மூக்கு மதுரையில் இருந்தது.

ஆகவே ஆயா கழுவினாள். யாரும் அவளிடம் சொன்னதில்லை. சாயங்காலம் வண்டி நின்றதும் டப்பாவை அவிழ்த்துக் கொண்டுபோய் ஊருக்கு வெளியே குழி வெட்டிக் கொட்டிவிட்டு வருவாள். குழாயின் பட்டையைத் தளர்த்தி உருவி எடுப்பாள். ஒரு கயிற்றில் தேங்காய் நாரை முடிச்சு முடிச்சாகக் கட்டிக் குழாய்க்குள் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பாள். உள்ளேயிருந்து கருப்பாக, வழுவழுவென்று ஒன்று சரிந்து வந்து விழும். டிரைவர் காறித் துப்பிவிட்டு எழுந்து போவார். அவள் மட்டும் அதைக் கிட்டத்தில் குனிந்து பார்ப்பாள். முகம் மலர்ந்துவிடும்.

"இங்க பாருங்க சார், இம்புட்டு இருந்திருக்கு. நாறாம என்ன செய்யும்? இதுதானே சார்?"

"இதுதாம்மா. வேறென்ன?"

பிறகுதான் சலவைச் சோடா போட்ட கொதிநீரை ஊற்றுவாள்.

அவள் சந்தோஷத்தின் காரணம் எங்கள் மூவருக்கும் தெரியும். அவளே ஒளிக்கவில்லை. கல்யாணமான மறுவருஷம் பிரசவ வலி கண்டு நாள் கணக்கில் கிடந்தாள். குழந்தை செத்துப் பிறந்தது. அதோடு அவளுடைய சிறுநீர்ப் பையும் கிழிந்துபோயிற்று. அன்றிலிருந்து நீர் நிற்காமல் கசிந்தது. படுத்த இடம், உட்கார்ந்த இடம் எல்லாம் ஈரம். மாமியார் முதலில் பாயைத் தனியாகப் போட்டாள். அப்புறம் தட்டைத் தனியாக வைத்தாள். கடைசியில் மாட்டுக் கொட்டத்துக்கு அனுப்பினாள். மாடு கூடத் தள்ளித்தான் படுத்தது என்று ஆயா சொல்லுவாள். அதைச் சொல்லும்போது சிரிப்பாள். கேட்கிற நமக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாது. அவளுடைய அண்ணன் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஆபரேஷன் செய்து கிழிசலைத் தைத்துவிட்டார்கள். பூரண குணம். புருஷன் அதற்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டுவிட்டான். அவள் ஆஸ்பத்திரியிலேயே ஆயாவாகச் சேர்ந்து, பிறகு எங்கள் வண்டிக்கு வந்தாள்.

டாக்டரம்மாவும் அவளைப் பரிசோதித்துப் பார்த்தார். "ஒரு சொட்டுக்கூட கசிவு இல்ல. நீயும் நானும் ஒண்ணு. புரியுதா?" என்றார். "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல வண்டியின் பின்கதவோரப் பலகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் அவள் இடம். புழுதியெல்லாம் அவள் மேல்தான். மழைச்சாரலும் அவள் மேல்தான்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேலை செய்வாள். குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மெதுவாக உதிர்ப்பாள். தூசி பறக்கிற திசையைப் பார்த்து, காற்று எங்களைத் தாண்டி அவள் பக்கம் போகிற மாதிரி இடம் தேடி உட்காருவாள். முதல் முறை டிரைவருக்கு விளங்கவில்லை.

"என்ன ஆயா, மழை வருமான்னு பாக்குறியா?"

"ஆமாண்ணே."

"வருமா?"

"வராதுண்ணே. நீங்க சாப்பிடுங்க."

டிரைவர் சின்னாளபட்டிக்காரர். தறி நெய்கிற குடும்பத்தில் பிறந்து தறிச் சத்தம் பிடிக்காமல் ஸ்டியரிங் பிடித்தவர். யாரையும் விட்டுவைக்காத வாய். என்னை "விதி சார்" என்றுதான் கூப்பிடுவார். காற்றுத் திசையின் அர்த்தம் புரிந்த நாளிலிருந்து ஆயாவை மட்டும் அவர் கேலி செய்ததில்லை. பதிலாகக் குழாயை வைதார். "இந்தக் குழாய்க்கு ஒரு சாவு வரமாட்டேங்குதே" என்று அவர் ஆரம்பித்தால், பின்கதவுப் பக்கம் அவள் தோள் இறங்கி இளகுவது கண்ணாடியில் தெரியும்.

ஒருமுறை குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம், மானாவாரிக் காட்டுக்கு நடுவில் ஒரு சிற்றூர். ஒரு வீட்டின் வைக்கோல் கொட்டகையில் இளம் பெண் ஒருத்தி கிடக்கிறாள் என்று தகவல். ஆயாவுக்கு நடந்த அதே கதைதான். அந்த வீட்டு அம்மாள் வாசலிலேயே எங்களை மறித்தாள்.

"உள்ள போகாதீங்க. நின்னு பாக்க முடியாதுங்க."

டாக்டரம்மாவுக்கு முன்னால் ஆயா நுழைந்துவிட்டாள். நான் வாசலோடு நின்றேன். அங்கிருந்தே தாங்க முடியவில்லை என்பதை உள்ளபடி எழுதுகிறேன். அந்தப் பெண் சுவரோடு ஒண்டிக்கொண்டு, "தள்ளிப் போங்கக்கா, நாறும்" என்று அழுதாள். ஆயா போய் ஒட்டி உட்கார்ந்து, அவள் தலையை எடுத்து மடியில் வைத்துச் சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தாயி. வைக்கோல் வாசந்தேன் வருது."

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே வண்டியில் ஏற்றி, திண்டுக்கல் கொண்டுவந்து, மதுரைக்கு அனுப்பி வைத்தோம். சில மாதம் கழித்து நாங்கள் மறுபடி அந்தப் பக்கம் போனபோது அவள் புதுச் சேலையோடு வண்டியைத் தேடி வந்தாள். ஆயா அவள் கழுத்தோரம் முகத்தைப் புதைத்து ஆழமாக மூச்சிழுத்தாள்.

"சுத்தமாப் போயிருச்சுடி! பச்சப்புள்ள மாதிரி மணக்குற!"

இருவரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் போனதும் டாக்டரம்மா கேட்டார்: "அவளுக்குப் போயிருச்சு. அதே ஆபரேஷன்தானே உனக்கும்?"

"அவளுக்குப் போயிருச்சும்மா" என்றாள் ஆயா, மண்ணைக் குனிந்து எடுத்தபடி.

பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. எங்கள் துறையில் நல்ல காரியங்கள் நடப்பதில் உள்ள ஆபத்தை நான் அன்றுதான் கண்டேன். மதுரையிலிருந்து அந்த அதிகாரி வண்டியைப் பார்வையிட வந்தார். வண்டிக்குள் ஏறினார், இறங்கினார், கைக்குட்டைக்குள்ளிருந்தே உத்தரவு போட்டார். என்னுடைய நெடுநாள் விண்ணப்பங்களால் ஆகாததை ஒரு மூச்சு செய்துவிட்டது. வண்டி பட்டறைக்குப் போனது. குழாயைக் குட்டையாக்கிச் சரிவாகப் பொருத்தினார்கள். தொட்டிக்குக் கீழே ஒரு வளைவு வைத்தார்கள். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் நல்ல தண்ணீர் நிற்கும்; கீழேயிருந்து காற்று ஏறாது. தொட்டியின் வாயில் பித்தளைச் சல்லடை ஒன்றும் போட்டார்கள். ஒரு பருக்கை உள்ளே போகாது. வண்டி சோப்பும் ஸ்பிரிட்டுமாக மணந்தது. டிரைவர் தேங்காய் உடைத்தார்.

ஆயா மட்டும் அன்று வண்டியில் ஏறுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். ஏறியவள் பலகையின் விளிம்புக்குப் போய்விட்டாள். பாதி உடம்பு வெளியே. சாயங்காலம் குழாயை உருவி நார்க் கயிற்றை விட்டு இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் இழுத்தாள். வெறும் தண்ணீர். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுக்க ஓடை கண்ட இடத்தில் எல்லாம் குளித்தாள். தோல் வெளுக்கும்படி தேய்த்தாள். அதற்கு மேல் நோயாளி யாராவது தற்செயலாக மூக்கைத் துடைத்தால் போதும், கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு இறங்கிவிடுவாள்.

ஆனால் கொஞ்ச நாளில் மாறினாள். பழையபடி பலகையில் நன்றாக உட்கார்ந்தாள். டிரைவரிடம் ஊர்க்கதை பேசினாள். வண்டியும் பழையபடி நாறத் தொடங்கியது.

எனக்கு நம்ப முடியவில்லை. வளைவு இருக்கிறது, சரிவு இருக்கிறது, சல்லடை இருக்கிறது. அந்த மூன்றும் உள்ள குழாய் நாறக் கூடாது என்பது என் படிப்பு. ஆயா தண்ணீர் எடுக்கக் கிணற்றுக்குப் போயிருந்த நேரத்தில் நானும் டிரைவரும் வளைவைக் கழற்றினோம். உள்ளே புளித்த சோறும் மீன் செதிளும்.

"சல்லடையத் தாண்டி மீன் செதிள் எப்படி சார் போகும்? யாரோ கழட்டிட்டு ஊத்திருக்காக. எவன் சார் அவன்? கையில கெடச்சான்…" என்று டிரைவர் எகிறினார். எகிறிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.  வளைவை அப்படியே மாட்டினோம்.

மறுநாள் மத்தியானம் புளியமரத்தடியில் வண்டி நின்றபோது கண்ணாலும் பார்த்தேன். அவள் சல்லடையை எடுத்தாள். புடவை மறைவிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து ஊற்றினாள். பிறகு அந்தச் சல்லடையைச் சோப்புப் போட்டு, பளபளவென்று துலக்கி, துணியால் துடைத்து மறுபடி பொருத்தினாள். எங்கள் ஜில்லாவிலேயே அவளைவிடச் சுத்தமான மனுஷியை நான் பார்த்ததில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். அரசாங்கப் பொருளை வேண்டுமென்றே கெடுத்த ஊழியருக்கு என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. டாக்டரம்மாவுக்கும் அது தெரியும்.  "யாரும் அவளைக் கேக்க வேணாம்" என்றார். "ஆனா காயம் கழுவுற எடத்துல புளிச்ச சோறு இருக்கக் கூடாது. நீங்க சத்தமில்லாம தெனமும் வளைவைச் சுத்தம் பண்ணிருங்க."

அப்படியே செய்தேன். விடியற்காலையில் அவள் குளிக்கப் போகும்போது வளைவைக் கழற்றிக் கழுவி வைத்துவிடுவேன். வாடை நின்றது. அவள் மறுபடி பலகையின் விளிம்புக்கு நகர்ந்தாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவருக்குப் பொறுக்கவில்லை. அவராக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். ஒருநாள் ஒட்டன்சத்திரம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆரம்பித்தார்.

"அடச்சே, என்ன நாத்தம்! விதி சார், உங்க குழாய் மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு. கொடலப் பிடுங்குது!"

பின்னால் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் வழக்கம்போல இளகுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வண்டி நின்றதும் நேராகத் தொட்டிக்குப் போய் வளைவைக் கழற்றினாள். அன்று அதிகாலையில்தான் நான் கழுவியிருந்தேன். உள்ளே தெளிந்த தண்ணீர். விரலை விட்டுத் துடைத்து மோந்து பார்த்தாள். டப்பாவை அவிழ்த்துப் பார்த்தாள். அதுவும் காலி. முந்தின நாள் அவள் ஊற்றியிருந்த சோறும் அங்கே இல்லை.

டிரைவர் மூக்குப்பொடி போடுகிறவர். இருபது வருஷப் பொடி. பெட்ரோல் கொட்டினாலும் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்த மூக்குக்கே எட்டுகிற வாடை, சுத்தமான குழாயிலிருந்து வராத வாடை, வேறு எங்கிருந்து வரும்? அவள் வளைவைப் பொருத்தினாள். திருகை முறையாக இறுக்கினாள். கையைக் கழுவினாள். பையை எடுத்துக்கொண்டு, திண்டுக்கல் போகிற பஸ்ஸை நிறுத்தி, பஸ்ஸின் கடைசிப் படியில் ஏறிப் போனாள்.

ஊர் திரும்பியதும் நானும் டிரைவரும் நாகல் நகரில் அவள் குடியிருந்த அறைக்குப் போனோம். கதவைத் திறக்கவில்லை. டிரைவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசினார்.

"தாயி, நான் சொன்னது பொய்யி. எனக்கு மூக்கே கெடையாது. பூ வாசமும் தெரியாது, பீ வாசமும் தெரியாது. உனக்காகத்தேன் சொன்னேன். குழாய் நாறுனா நீ நல்லாருப்பேன்னு…"

 உள்ளே, கதவுக்கு வெகு பக்கத்தில் குரல் கேட்டது.

"எனக்காகவா?"

"உனக்காகத்தேன். இந்தா, சாரைக் கேளு. தெனமும் கழுவி வச்சதே அவர்தேன். டாக்டரம்மாவுக்கும் தெரியும்."

நான் ஆமாம் என்றேன். நிரூபணம் முழுமையாகிவிட்டது என்று நினைத்தேன்.

"எல்லாருமாச் சேந்துதான் செஞ்சிருக்கீக" என்றாள். "அந்தக் கொட்டகையில கெடந்த பொண்ணுகிட்ட நானும் அப்படித்தேன் சொன்னேன், வைக்கோல் வாசம்னு. வாடை இல்லாதவளுக்காக யாருண்ணே பொய் சொல்லுவா?"

 டிரைவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மாவும் வந்து பேசிப் பார்த்தார். மறு வாரம் அறை காலியாக இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் அவளைப் பற்றித் தகவல் இல்லை. என்னை நகரத்து வேலைக்கு மாற்றியிருந்தார்கள். ஊர் ஓரத்தில் தோல் பதனிடுகிற இடங்களில் ஒன்றின் கழிவுநீர் பக்கத்துக் குளத்தில் கலக்கிறது என்று புகார். பார்க்கப் போனேன். சுண்ணாம்புத் தொட்டிகளில் ஆட்டுத் தோல் ஊறிக்கொண்டிருந்தது. ஆவாரம்பட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. அந்த இடத்தின் வாடைக்கு முன்னால் எங்கள் குழாயெல்லாம் சந்தனம். அந்த வாடை அங்கே வேலை செய்கிறவர்களோடு வீடு வரைக்கும் போகும். எத்தனை குளித்தாலும் போகாது. ஊரில் பலர் அவர்களோடு பஸ்ஸில் ஒட்டி உட்கார மாட்டார்கள். ஆயாவின் சாதிக்காரர்கள் அந்தத் தெருவழியே நடக்கக்கூட மாட்டார்கள்.

பட்டைக் குவியலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வட்டத்தின் நடுவில் அவள். சட்டியைத் தொடையில் வைத்துக்கொண்டு சோற்றை உருட்டி ஆளுக்கொரு கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவள் தோளில் சாய்ந்திருந்தாள். இன்னொருத்தி அவள் முதுகில் முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது.

என்னைப் பார்த்துவிட்டாள். நான் மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தேன்.

"சார்! இங்கயும் வந்துட்டீகளா?"

"யாருக்கா இவரு?" என்றாள் தோளில் சாய்ந்திருந்தவள்.

"வண்டியில கூட இருந்தவரு. குழாய்க்கெல்லாம் இவர்தேன் அதிகாரி."

எல்லோரும் சிரித்தார்கள். அவள்தான் உரக்கச் சிரித்தாள். கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்தேன்.

"டாக்டரம்மா உன்னை இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. டிரைவர் அந்தப் பலகையில யாரையும் உக்கார விடறதில்ல. வந்துரும்மா."

அவள் கையிலிருந்த உருண்டையைப் பக்கத்தில் இருந்தவளின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "வேணாம் சார். இங்க காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் ஒண்ணுதேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் குறையே இல்லை. பூரணமாக நிம்மதியடைந்த முகம். என் வாழ்நாளில் நான் பார்த்த மிகப் பெரிய துக்கம் அந்த முகம்தான்.

மேனேஜர் வாசல் வரை வழியனுப்ப வந்தார். "தண்ணியத் திருப்பி விட்டுறலாம் சார். இந்த வாடைய என்ன செய்யிறதுன்னுதான் எங்களுக்கு வழி தெரியல. நீங்க படிச்சவங்க, ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு படியாகத் தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.